ஈப்போவில் அப்பாவுக்கு எடுத்த நுரையீரல் ஸ்கேன்
சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவில் ஒரு தனியார் ஸ்கேன் மையத்துக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து 30 வருஷம் தினம் ஒரு பாக்கெட் சிகரெட், விட்டு 6 வருஷம்தான் ஆகிறது. இருமலே இல்லையே, எதுக்கு என்றார். நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று அறிகுறி வருமுன் பார்ப்பதற்குத்தானே இந்தக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். இங்கே வழக்கமாகப் போகும் கிளினிக்கில் எக்ஸ்ரே போதும் என்றார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் 2011இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. ஊசி இல்லை, மூச்சைப் பிடித்துச் சில வினாடி படுத்தால் முடிந்தது. டாக்டர் படத்தைக் காட்டி, நுரையீரலில் 4 மில்லிமீட்டரில் சின்ன முடிச்சு (சிறு கட்டி), பெரும்பாலும் ஆபத்தில்லாதது, அடுத்த வருஷம் மறுபடி பார்ப்போம் என்று தமிழிலேயே பொறுமையாகச் சொன்னார். காத்திருப்புதான் 2 மணி நேரம்.