கட்லா குஞ்சு வாங்கிய பொரிப்பகம்: மூன்று பருவ அனுபவம்

பாகூர் பக்கத்தில் உள்ள எங்கள் குளத்துக்கு மூன்று ஆண்டுகளாகக் காட்டுமன்னார்கோயில் அருகேயுள்ள ஒரு தனியார் பொரிப்பகத்தில்தான் மீன் குஞ்சு வாங்குகிறேன். குறைகளையும் எழுதுவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் குளத்தில் வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் வெள்ளம் புரளும் ஆற்றைக் காணாமல் முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி, மீன் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அந்த நாளையே தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். இப்போது சுரப்பியைத் தேடி மீன் தலைகளைப் பிளக்க வேண்டியதில்லை. ஓவாப்ரிம் போன்ற மருந்துகளில், முட்டையிடத் தூண்டும் செயற்கை ஹார்மோனும், அந்தத் தூண்டுதலுக்கு மூளையில் தடை போடும் டோபமினை அடக்கும் டொம்பெரிடோனும் ஒரே குப்பியில் கிடைக்கின்றன.

இந்தப் பொரிப்பகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் ஊசி போடும் விதம். சென்ற ஆடியில் ஒரு மாலை முழுவதும் கூடவே இருந்து பார்த்தேன். வயிறு மெத்தென்று உப்பி, சினைத்துளை சிவந்திருந்த பெண் மீன்களையும், வயிற்றை இலேசாக அழுத்தியதும் பால் போல விந்து கசிந்த ஆண் மீன்களையும் மட்டுமே பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்த்து, பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.4 மி.லி., ஆணுக்கு அதில் பாதிக்கும் குறைவு என அளந்து, கண்களை ஈரத்துணியால் மூடிச் செதிலுக்கு அடியில் ஊசியைச் சாய்வாகச் செலுத்தினார்கள். கண்ணளவில் எடை போட்டு மருந்தைக் கூட்டிக் குறைக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே தாய் மீன் செத்து மிதப்பது புதிதல்ல. விடியற்காலையில் வட்டத் தொட்டியின் நீரோட்டத்தில் முட்டைகள் வெந்த ஜவ்வரிசி போலக் கண்ணாடியாகச் சுழன்றுகொண்டிருந்தன. வேகாத ஜவ்வரிசி போல வெளுத்திருப்பவை கருக்கட்டாத முட்டைகள் என்று அங்குள்ள பெரியவர் ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்துக் காட்டினார். அவை சொற்பமாகவே இருந்தன.

குறை இரண்டாம் பருவத்தில் நேர்ந்தது. கட்லா என்று சொல்லிக் கொடுத்த 2,000 குஞ்சுகளில் கணிசமானவை, ஆறு மாதம் கழித்து வலை போட்டபோது, கட்லாவின் பெரிய தலையும் இல்லாமல் ரோகுவின் சிறிய தலையும் இல்லாமல் இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பாக இருந்தன. பருவக் கடைசியில் ஆண் கட்லா போதாமல், ரோகுவையும் ஒரே தொட்டியில் விட்டதன் விளைவு இது என்பதை அவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். மேல்நீரில் கட்லா, நடுநீரில் ரோகு, அடியில் மிர்கால் மேயும் என்று கணக்கிட்டு இருப்பு வைப்பவனுக்கு இது சிறிய தவறல்ல. கலப்பு மீனும் ரோகுவும் ஒரே தீனிக்குப் போட்டியிட்டதில் அந்த ஆண்டின் வளர்ச்சியே குன்றிப்போனது. அடுத்த பருவத்தில் இனவாரியாகத் தொட்டிகளைப் பிரித்தார்கள்; எந்தத் தொட்டி, என்றைக்கு ஊசி போட்டது என்று சீட்டெழுதியும் கொடுத்தார்கள். தாய் மீன்களை மட்டும் இன்னும் வெளியிலிருந்து மாற்றுவதில்லை. உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் குஞ்சு தேயும் என்பதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பொதி கட்டுவதில் குறையே இல்லை. முதல் நாளே தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனுமாகப் பையைக் கட்டித் தருகிறார்கள். சிதம்பரம், கடலூர் வழியாகப் பாகூர் வந்து சேர்ந்தபோதும் பைக்கு நான்கைந்துக்கு மேல் சாகவில்லை. விலை மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல்தான், கொடுக்கலாம்.

ஆடியிலேயே போய், தொட்டியைப் பார்த்துச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். புரட்டாசிக்குப் பிறகு மிஞ்சிய குஞ்சைக் கட்லா என்று சொன்னால், அங்கே ரோகு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதே நான் இப்போது செய்வது.