மணியும் மயில்தண்டும்: கெண்டையின் மெல்லிய கொத்தல்களோடு ஆறு ஆண்டுகள்

கெண்டை இனங்களுக்குத் தூண்டில் போடத் தொடங்கி எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் சேலம் பக்கம் நண்பர் ஒருவரின் வளர்ப்புக் குளத்தில் உட்காருவேன். சில நாள்களில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போவேன். மீன் கொத்துவதை அறிய இதுவரை கம்பு நுனியில் மாட்டும் மணி, பேட்டரி அலாரம், தூண்டில் நரம்பில் தொங்கவிடும் மாவுருண்டை, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை ஆகிய நான்கையும் பயன்படுத்திவிட்டேன். எதற்கு அதிகம் செலவழித்தேனோ அதுதான் மெல்லிய கொத்தலை அறிய மிகக் குறைவாக உதவியது.

கெண்டைக்குத் தாடையில் பற்கள் கிடையாது. அவை தொண்டைக்குள் இருக்கின்றன. அதனால் அது இரையைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. நீரோடு சேர்த்து உறிஞ்சி, வாய்க்குள்ளேயே சோதித்துப் பார்த்து, சந்தேகம் தோன்றினால் அப்படியே துப்பிவிடுகிறது. ஜிலேபி கொத்தினால் தக்கை படபடவென்று ஆடும், விரால் எடுத்தால் தக்கையே காணாமல் போகும். ஆனால் மூன்று கிலோ ரோகு ஒன்று இரையை எடுத்துத் துப்பிவிட்டு நகர்ந்த பிறகும் கரையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த காலைகளில் மீனின் இயக்கமே மந்தமாகிவிடுவதால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது.

மணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பின் நுனி அசைந்தால்தான் அது ஒலிக்கும். நுனி அசையும் நேரத்தில் மீன் ஒன்று முள்ளில் மாட்டியிருக்கும், அல்லது இரையைத் துப்பியிருக்கும். ஆடிக் காற்றில் அது ஓயாமல் அடித்ததில், பக்கத்தில் மேய்ந்த ஆடுகள்கூடத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டன.

அலாரத்தின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. இங்கிலாந்தில் 1952ஆம் ஆண்டு 44 பவுண்டு கெண்டையைப் பிடித்துப் புகழ்பெற்ற ரிச்சர்ட் வாக்கர் மின்சார அலாரத்தை உருவாக்கியவராகவும் அறியப்படுபவர் என்பதால், கெண்டைக்கு இதைவிடச் சிறந்த கருவி இருக்க முடியாது என்று நினைத்துவிட்டேன். என்னிடம் உள்ளதில் நரம்பு ஒரு சிறு சக்கரத்தின் மேல் செல்கிறது. நரம்பு நகர்ந்து சக்கரம் சுழலும்போது அதிலுள்ள காந்தம் ஒரு ஸ்விட்சை இயக்கி ஒலி எழுப்புகிறது. நாற்பது மீட்டர் தூரத்தில் போட்ட நைலான் நரம்பு இழுபட்டு நீளும், நீருக்குள் வளைந்தும் கிடக்கும் என்பதால், மீன் இரையை இரண்டு விரல்கடை நகர்த்தினாலும் அந்த அசைவு சக்கரம் வரை வருவதில்லை. உணர்திறனைக் கூட்டினால் காற்றுக்கும் கத்துகிறது. மீன் கரையை நோக்கி வந்து நரம்பு தொய்ந்தால், தொய்ந்த நரம்பைக் கீழே இழுக்க எடை எதுவும் இல்லாதபோது, அது மௌனமாகவே இருக்கிறது. இரண்டாவது மழைக்காலத்தில் பேட்டரி முனைகளில் பச்சைத் துரு ஏறியது தனிக் கதை.

அந்த மௌனத்துக்கு மருந்து மாவுருண்டைதான். ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் இடையில் நரம்பை ஒரு சாண் கீழே இழுத்து, நெல்லிக்காய் அளவு மாவை அதில் பிசைந்து ஒட்டிவிட்டால், மீன் இழுக்கும்போது உருண்டை ஏறும், கரைப்பக்கம் வரும்போது இறங்கும். எறும்பு மொய்த்ததால் இப்போது மாவுக்குப் பதிலாகத் துணி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்பைத் தொங்கவிடுகிறேன், வேலை அதேதான்.

ஆனாலும் பகல் நேரத்தில் என் கை போவது மயில்தண்டுக்குத்தான். தானாக உதிர்ந்த இறகின் தண்டில் ஒரு சாண் அளவு வெட்டி, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, நுனியில் ஆரஞ்சு நிற நகப்பூச்சு தடவி, சைக்கிள் வால்வு டியூப் துண்டால் அடிப்பக்கம் மட்டும் நரம்போடு மாட்ட வேண்டும். தக்கையை அமிழ்த்தப் போதுமான ஈயத்தை முள்ளிலிருந்து இரண்டு அங்குலத்தில் நரம்பின் மேல் கடித்து இறுக்கி, தக்கைக்கும் ஈயத்துக்கும் இடையிலான நீளத்தை நீரின் ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்து, ஈயம் தரையில் உட்கார்ந்த பின், நுனி ஓர் அரிசி அளவு மட்டும் தெரியும்வரை நரம்பை மெதுவாகச் சுற்ற வேண்டும். தரையில் மேயும் மிர்காலோ சாதாக் கெண்டையோ இரையை எடுத்துத் தலையை நிமிர்த்தியதும் ஈயமும் கூடவே எழும்புகிறது. சுமை குறைந்த தக்கை அமிழ்வதற்கு மாறாக மேலே வந்து படுத்துவிடுகிறது. போன தை மாதத்தில் ஒரு காலை, அரிசி அளவு தெரிந்த ஆரஞ்சு நுனி ஒரு நெல் அளவு உயர்ந்து அப்படியே நின்றது. மணிக்கட்டை மட்டும் திருப்பினேன். இரண்டு கிலோ மிர்கால், கீழுதட்டின் ஓரத் தோலில் மட்டுமே முள் ஏறியிருந்தது.

கட்லாவுக்கு இந்த முறை உதவாது. மேல்நோக்கிய வாயோடு அது மேல்நீரில் மேய்வதால், ஈயம் முழுவதையும் தக்கையின் அடியிலேயே கடித்து, இரையை மெதுவாக இறங்க விடுகிறேன். தக்கை வழக்கமான நேரத்துக்குள் தன் குறிக்கு இறங்கவில்லை என்றால், வழியிலேயே ஏதோ ஒரு வாய் இரையைத் தாங்கிவிட்டது என்று பொருள்.

பதினைந்து மீட்டருக்கு அப்பாலும், அலை எழும்பும் நாளிலும், இரவிலும் தண்டு பயன்படாது. அந்த நேரங்களில் வேகவைத்த கொண்டைக்கடலையை முள்ளில் குத்தாமல், முள்ளின் பின்னால் நீளும் மெல்லிய இழையில் கோத்து, அறுபது கிராம் ஈயத்தோடு போட்டுவிடுகிறேன். ஈயத்தின் எடையிலேயே மீன் தானாக மாட்டிக்கொள்வதால் அங்கே மெல்லிய கொத்தலை அறிய வேண்டிய தேவையே எழுவதில்லை. அது ஓடும்போது சொல்ல அலாரம் போதும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது உரசல் ஒன்றுதான். கூட்டமாக மேயும்போது ஒரு மீனின் துடுப்பு நரம்பில் பட்டாலும் தக்கை ஒருமுறை அமிழ்ந்து திரும்புகிறது. அப்போது இழுத்தால் முள் வயிற்றிலோ செதிலிலோ குத்துகிறது. அமிழ்ந்த தக்கை தானாகத் திரும்புகிறதா என்று ஒரு மூச்சு நேரம் காத்திருக்கப் பழகியிருக்கிறேன், ஆனால் பாதி நாள் கை முந்திக்கொள்கிறது.