விண்டோஸ் 11 போட்ட பழைய லெப்டொப்: காலைநேரக் காத்திருப்பு

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் போட்டோ கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கடை முழுவதும் ஒரே ஒரு லெப்டொப்பின் தலையில்தான் ஓடுகிறது. எட்டாம் தலைமுறை ஐ-5 புரொசசர், 8 ஜிபி ராம், 1 டெரா ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10இல் வருடக்கணக்காக முனகாமல் வேலை செய்தது. 2025 ஒக்டோபர் 14உடன் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் முடிகிறது என்றார்கள். ஊராருடைய அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் ஸ்கேன் ஆகும் மெஷின் இது, விஷப்பரீட்சை வேண்டாம் என்று 11க்கு மாறினேன். எட்டாம் தலைமுறை என்பதால் தடை ஒன்றும் வரவில்லை, 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0வும் இருந்தது. பைல் ஒன்றுகூடத் தொலையவில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்கள்கூட அப்படியே திறந்தன.

கெட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். காலையில் பொத்தானை அமுக்கியதில் இருந்து முதல் பிரிண்ட் வெளியே வரும்வரையான நேரம்.

முதலில் சின்னம் வரும், அதன் கீழே புள்ளிகள் சுற்றும். அப்புறம் கறுப்புத் திரை, அதில் மவுஸ் அம்பு மட்டும். பிறகு பாஸ்வேர்ட் கேட்கும். அடித்தால் டெஸ்க்டொப் வந்துவிடும். அதுதான் பெரிய ஏமாற்று. படம் தெரியும், ஐகன்கள் தெரியும், பார்ப்பவருக்கு எல்லாம் ரெடி. வேர்டை இரண்டு தட்டுத் தட்டினால் ஒன்றும் அசையாது. ஓரத்தில் ஹார்ட் டிஸ்க் லைட் மட்டும் அணையாமல் எரியும். பொறுமை கெட்டு மறுபடி மறுபடி தட்டினால், ஐந்து நிமிடம் கழித்து நாலு வேர்ட் ஒன்றாகத் திறந்து நிற்கும்.

பொகவந்தலாவ பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் சும்மா இல்லை. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) படிவத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினால்தான் பின்நேரம் கொழுந்து எடுக்க மலைக்குப் போய் அரைப் பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது, போட முடியும். ஒரு நாள் டிக்கோயாப் பக்கத்து அம்மா ஒருவர் கவுண்டருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, ஈர வெறகா? இன்னும் பத்தலியே" என்றார். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவில் அணைக்காமல் ஸ்லீப்பில் போட்டு வைக்கலாமே என்பார்கள். பேட்டரி செத்து எவ்வளவோ காலம். இடி மின்னல் நாட்களில் பிளக்கைக் கழற்றாமல் கடையை மூட எனக்குத் தைரியமும் இல்லை. இதில் இன்னொரு கூத்து. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியில், ஷட் டவுன் செய்யும்போது உள்ளே ஓடும் முக்கியமான பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். முறையாக அணைத்தால்தான் அந்த லாபம். மழையோடு கரண்ட் போய், பேட்டரி இல்லாத லெப்டொப் பட்டென்று நின்றால் எழுதி வைக்க ஏது நேரம்? அடுத்த தரம் ஆரம்பத்தில் இருந்து எல்லாவற்றையும் ஏற்றும். ஆக, கரண்ட் போன நாளைக்குக் காத்திருப்பும் கூடுதல்.

பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வைரஸ் என்றார் ஒருவர். ஃபார்மட் அடித்தால் சரி என்றார் இன்னொருவர், எதைப் பார்த்தாலும் அவருக்கு அதே மருந்துதான். கடைசியில் நானே ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிபியூ தூங்குகிறது, ராம் பாதிகூட நிறையவில்லை, டிஸ்க் மட்டும் 100 சதவீதம். வைரஸ் காவல், தேடலுக்கான அட்டவணை, அப்டேட், தானாக எழும்பும் ஒன்டிரைவ் எல்லாம் ஒரே நேரத்தில் அந்த ஒரு டிஸ்க்கைப் பிய்க்கின்றன. நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் தட்டு அது. ஒரு சுற்றுக்கே 11 மில்லி செக்கன். சின்னச் சின்னத் துண்டாகக் கேட்டால் செக்கனுக்கு நூறு சொச்சம் கொடுப்பதே பெரிய விஷயம். சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் எழுதி வைக்கும் எஸ்எஸ்டி, சாதாரணமானதுகூட, பல்லாயிரம் கொடுக்கும்.

ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை எல்லாம் நிறுத்தினேன், கொஞ்சம் குறைந்தது. எஸ்எஸ்டி விலை இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அது ஏறத்தான் செய்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று வாங்கி, இருந்ததை அப்படியே அதற்கு மாற்றிப் போட்டேன். இப்போது இருபது செக்கனுக்குள் வேர்ட் திறக்கிறது.

நியாயமாகச் சொன்னால் 11இல் வேறு குறை எனக்கு இல்லை. பெரிதாக்கும் பொத்தானில் மவுஸை வைத்தால் ஜன்னல்களைப் பிரித்து அடுக்க வரும் கட்டங்கள் எனக்கென்றே செய்த மாதிரி. ஒரு பக்கம் படிவம், மறு பக்கம் ஸ்கேன் செய்த அடையாள அட்டை. இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்கலாம். கோபம் எல்லாம் லெப்டொப்பை விற்றவர்கள் மேல்தான். ஐ-5 என்று கைபடும் இடத்திலேயே பெரிய ஸ்டிக்கர். 5400 சுற்று என்பதற்கு எங்கேயும் ஸ்டிக்கர் இல்லை.

போன கிழமை பண்டாரவளையில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். அவரிடமும் இதே மாடல், இதே ஹார்ட் டிஸ்க், இன்னும் விண்டோஸ் 10. "11 போடலாமா அண்ணே?" என்றார். வேண்டாம் என்றேன். பதிவு செய்துகொண்டால் 10க்கும் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், அதுவரை எஸ்எஸ்டிக்குக் காசு சேருங்கள், அதற்கு முன்னால் 11 பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்றேன். "எஸ்எஸ்டி போட்டால் மாறலாம்தானே?" என்றார். அதற்கும் அவசரப்பட வேண்டாம் என்றேன். "உங்களுடையது இப்போது பறக்குதுன்னு சொன்னீங்களே அண்ணே!"

பறக்கிறதுதான். எனக்குத்தான் கடுப்பு இன்னும் இறங்கவில்லை.