ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என் அரை மாதச் சம்பளத்தை ஒரு கார் பழுதுபார்க்கும் கடையில் பறிகொடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். எல்லா நிறுவனக் கார்களையும் பார்ப்பதாகச் சொல்லி, வாசலில் 'கணினிப் பரிசோதனை' என்று பலகை மாட்டியிருக்கும் வகைக் கடை.

செக் என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கும்போது என்ஜின் குலுங்கியது. கடைக்காரர் ஸ்கேனரைச் செருகி, திரையை என் பக்கம் திருப்பினார். பி0171 என்ற கோளாறு எண் இருந்தது. "பாருங்கள் சார், மெஷினே சொல்கிறது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று அளக்கிற ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் மாற்றிவிடுங்கள். விட்டால் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெட்டுவிடும்" என்றார். அவ்வளவு பொறுமை, அவ்வளவு அக்கறை. திரையையே காட்டுகிறவர் பொய் சொல்வாரா? அரை மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன். விளக்கும் அணைந்தது.

சில நாள்களில் மீண்டும் எரிந்தது. கேட்டால், "பெட்ரோல் சரியில்லை சார்." பிறகு, "புது சென்சார், கொஞ்சம் ஓடிப் பழகட்டும்." அதற்கும் பிறகு, "மின்சாதனப் பாகங்களுக்கு உத்தரவாதம் கிடையாது." பழைய சென்சார்கள் எங்கே என்றால், குப்பைக்குப் போய்விட்டனவாம். இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை.

நேற்று வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பி0171 என்றால் எரிபொருளைவிடக் காற்று மிகுந்திருக்கிறது என்றுதான் பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தச் சென்சார்தான் என்றார். ஒழுங்காக வேலை செய்ததையே கழற்றி எறிந்திருக்கிறார்கள்! என்ஜின் மெதுவாக ஓடும்போது வண்டியின் கணினி 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்து வேகத்தைக் கூட்டியதும் அந்த அளவு இறங்கியது. எங்கோ காற்று கசிகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றார். தேடினால், காற்று உள்ளே போகும் ரப்பர் குழாயின் மடிப்பில் ஒரு வெடிப்பு. அதை மாற்றியதும் குலுக்கல் நின்றது. அதற்கு ஆன செலவு சொல்லக்கூட வேண்டாத சில்லறை.

வண்டிக்கு அடியில் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. பின்பக்கச் சென்சாரின் மரையில் பல வருடத்துத் துரு அப்படியே உறைந்திருக்கிறது. அதில் ஸ்பேனரே பட்டிருக்கவில்லை. பில்லில் இரண்டு சென்சார், இரண்டுக்கும் கூலி! அன்று விளக்கு அணைந்ததுகூட, ஸ்கேனரால் அந்தக் கோளாறு எண்ணை அழித்ததால்தான். கோளாறு அங்கேயே இருந்தால் மறுபடி எரியத்தானே செய்யும். இதற்கா அரை மாதச் சம்பளம்?

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. கோளாறு எண்ணை மட்டும் வைத்துப் பாகத்தை மாற்ற விடாதீர்கள். காற்றுக் குழாய்களையும், சைலன்சர் குழாயில் கசிவையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முன் சென்சாரின் வோல்ட் அளவைத் திரையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்; பழைய வகைச் சென்சாரில் அது ஏறக்குறைய 0.1க்கும் 0.9க்கும் இடையே மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.