மழை விடாத நாளில் பிள்ளைகளுக்கு எது: போனா, பல்லாங்குழியா, தாயமா?

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடமும் மழையும் ஒன்றாகத்தான் தொடங்கும். நீலகிரியில் மற்ற இடங்களில் பள்ளி நடக்க, இந்த இரண்டு தாலுகாக்களுக்கு மட்டும் கலெக்டர் விடுமுறை விடுகிற நாட்களும் உண்டு. நாடுகாணியில் இறங்கினால் நிலம்பூர், சேரம்பாடி தாண்டினால் வயநாடு. அங்கேயும் இதே மழைதான், வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளும் இதே கதைதான்.

எல்லார் வீட்டிலும் முதலில் கைக்கு வருவது போன். கொடுத்த உடனே வீடு அமைதியாகிவிடும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள் என்றால் ஒருவர் ஆடுவார், மற்ற இருவர் தோளில் தொங்கிக்கொண்டு சண்டை போடுவார்கள். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நாள் முழுக்கப் பெய்யும் மழைக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை சார்ஜ். மரம் ஒன்று லைன் மேல் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண் சரிந்தபோது, சிக்கிக்கொண்டவர்கள் போனில் கூப்பிட்டுத்தான் உதவி கேட்டார்கள். நாம் இருப்பதும் அதே மலைத்தொடரில்தான். ரெட் அலர்ட் நாளில் போன் சார்ஜோடு பெரியவர்கள் கையில் இருக்க வேண்டும். வெளியே நனையாத வெயில் நாளில் வேண்டுமானால் அரை மணி நேரம் கொடுங்கள்.

சரி, கரண்ட் தேவைப்படாத ஆட்டங்களுக்கு வருவோம். இரண்டே பிள்ளைகள் என்றால் நான் பல்லாங்குழிக்குத்தான் வாக்களிப்பேன். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் எழுபது. பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டையை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். ஒரு குழியில் எடுத்ததை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கை தீர்ந்ததும் அடுத்தது வெறுங்குழியாக வந்தால் அதைத் துடைத்து, அடுத்த குழியில் இருப்பதை அள்ளவேண்டும். குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். ஆறு வயதுப் பிள்ளைக்கு எண்ணிக்கை தானாக வரும். பத்து வயதுப் பிள்ளை எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடத் தொடங்கும். காத்திருக்கும் நேரமும் குறைவு. மூன்றாவது ஆள் வந்துவிட்டால்தான் சிக்கல், அவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த இடத்தில் தாயம் ஜெயிக்கிறது. நான்கு பேர் ஆடலாம், பாட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு ஆட்டம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி ஓடும். குறையும் அதிலேயே இருக்கிறது. தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டை உருட்டினால் வரக்கூடிய பதினாறு விதங்களில் இரண்டுதான் தாயம். எட்டுத் தடவை உருட்டினால் சராசரியாக ஒரு தடவை. சின்னப் பிள்ளைக்கு அது ரொம்ப நீளம். அப்புறம் சுற்றி முடித்துப் பழமாகப் போகிற காயை யாராவது வெட்டினால் அழுகை வேறு. பெரிய பிள்ளையையும் சின்னதையும் ஒரே அணியாக்குங்கள், அழுகை பாதியாகும். இன்னொன்று, இந்த ஈரத்தில் சிமெண்ட் தரை வியர்த்துச் சாக்பீஸ் கோடு நிற்காது. பழைய பிளக்ஸ் பேனரின் பின்பக்கம் மார்க்கரில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டால் மழைக்காலம் முழுக்க வரும்.

கேரம் எனக்கு உயிர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு அதில் ஆசை வந்திருக்கும். ஆனாலும் எங்கள் பக்கத்து ஜூலைக்கு அது ஆகாது. பவுடர் ஈரத்தில் பிசுபிசுத்து, காய் பாதி வழியில் நின்றுவிடும். போர்டும் உப்பிக்கொள்ளும். டிசம்பருக்கு எடுத்து வையுங்கள்.

காகிதக் கப்பல் அழகுதான், ஆனால் மடித்ததும் பிள்ளை வாசலுக்கு ஓடும். அதைவிட, கேரளப் பக்கத்துப் பிள்ளைகள் ஆடும் ஈர்க்குக் குச்சி ஆட்டம் மேல். விளக்குமாற்றில் பத்துக் குச்சி உருவி, ஒடித்து, தரையில் சிதறவிட்டு, மற்றது அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். செலவே இல்லை, வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். எடுக்கும்போது முகத்தை ரொம்பக் குனியவிடாதீர்கள், குச்சி நுனி கண்ணில் படலாம்.

மூன்று வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் என் வரிசை மாறும். புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி எதுவும் அதன் கைக்கு எட்டக்கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். குன்றிமணி விஷமும்கூட. மழையில் ரோடு அடைத்திருக்கும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போவது சுலபமில்லை. பெரியவர்கள் கட்டில் மேல் உட்கார்ந்து ஆடட்டும். சின்னதுக்குக் கீழே நாலு எவர்சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும் போதும்.