பால் சொட்டும் நேரத்தில் படித்த ஐந்து புத்தகங்கள்

விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், முந்நூறு ரப்பர் மரத்தையும் வெட்டி முடிக்க ஏழு, ஏழரை ஆகிவிடும். பால் எடுக்கப் பத்து மணிக்குப் போனால் போதும். அதுவரை மரம் சிரட்டையில் சொட்டிக்கொண்டிருக்கும். குலசேகரம் பக்கம் பால்வெட்டும் பெண்கள் பலர் அந்த நேரத்தில் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சோறு வடித்துவிட்டு வருவார்கள். என் வீட்டில் காலை அடுப்பை அம்மை பார்த்துக்கொள்கிறாள். அதனால் உறைந்த ரப்பர்ப் பாலை ஷீட்டாக அடிக்கும் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து நான் படிப்பேன். மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போதும் ஆனி மழை விடாமல் பெய்யும்போதும் இன்னும் கூடுதலாகப் படிக்கக் கிடைக்கும்.

இந்த ஆண்டு மாசிக்கும் ஆனிக்கும் இடையில் ஐந்து புத்தகம் முடித்தேன். நாலு நாவல், ஒன்று நாவல் அல்லாதது. எல்லாமே குமரி மாவட்டத்தையோ அதை ஒட்டிய கடற்கரையையோ பற்றியவை. ஆனால் நம் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் ஒரு புத்தகம் எனக்குப் பிடித்துவிடாது. வேலை செய்கிற கையை எழுதியவர் கிட்டே நின்று பார்த்திருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். முப்பது வருஷம் கத்தி பிடித்த கை என்னுடையது. என்னால் வேறு மாதிரி படிக்க முடியவில்லை.

முதலில் எடுத்தது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வந்த நாவல். காலச்சுவடு மறுபதிப்புப் போட்டிருக்கிறார்கள், எனக்குக் கிளை நூலகத்தில் கிடைத்தது. ஹெப்சிபா திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆனால் நாவலில் பேராசிரியரின் சாயலே கிடையாது. பனைவிளை என்ற ஊர், அங்கே பெருமை மட்டும் மிஞ்சி நிற்கும் ஒரு பழைய வீடு, அந்த வீட்டுப் பெண் லிஸி. வயதுக்கு வந்ததும் அவள் படிப்பு நின்றுபோகிறது. பனையேறும் குடும்பத்துத் தங்கராஜ் மேல் அவளுக்கு அன்பு. இரண்டு வீட்டுக்கும் சாதி ஒன்று, சர்ச்சும் ஒன்று. ஆனாலும் பனை வைத்திருப்பவனுக்கும் பனை ஏறுபவனுக்கும் நடுவே உள்ள தூரம் குறைவதில்லை. இதை எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு பெண் 1964இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

என் பாட்டா பனையேறி. பனையேறும் முருக்குத்தடியும், இடுப்பில் பாளை சீவும் பாளையருவாளுமாக அவர் காலையும் மாலையும் ஏறி இறங்கியதைச் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். அக்கானி என்கிற பதநீர் காய்ச்சும் புகையில் பாட்டியின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அந்தப் பாட்டியின் மகள்தான் என் அம்மை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். இந்த நாவலை நான் அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி அவளே படிப்பாள், ஆனால் இப்போது கண்ணில் புரை. லிஸி வீட்டுக்குள் அடைபடுகிற பகுதியை வாசித்த அன்று அம்மை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பயறு உடைத்துக்கொண்டிருந்த கையும் நின்றுவிட்டது. அப்புறம் கேட்டாள்: “மக்களே, அந்தப் பிள்ளைய படிக்க விட்டிருக்கலாம் இல்லியா?” லிஸியைப் பற்றித்தான் கேட்டாள். நான் ஆமாம் அம்மா என்றேன்.

இந்த நாவலின் பலம் அதன் நிதானம். யாரையும் கெட்டவனாக்கி ஒதுக்குவதில்லை. குடித்துக் கெட்ட அப்பனைக்கூட மனுஷனாகவே நிறுத்துகிறார். கண்ணப்பச்சி என்று அழைக்கப்படும் லிஸியின் தாத்தாவின் பெருமையும் பாசமும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்பது எங்கள் வீட்டுக் கிழவர்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பின்பகுதியில் ஒரு கொலை வருகிறது. அதிலிருந்து கதை கொஞ்சம் வேகம் பிடித்து, முன்பகுதியில் இருந்த காற்றோட்டம் குறைந்துவிடுகிறது என்று எனக்குப் பட்டது. அது ஒன்றுதான் குறை. எத்தனை பேரிடம் சொன்னாலும் தீராத அளவுக்கு எனக்கு இந்தப் புத்தகம் பிடித்திருக்கிறது.

அடுத்து ஜெயமோகனின் ‘ரப்பர்’, 1990இல் வந்த முதல் நாவல். தலைப்பைப் பார்த்ததுமே எனக்கு ஓர் எதிர்பார்ப்பு வந்துவிட்டது. ரப்பரால் பணக்காரர்களான பெருவட்டர் குடும்பம் ஒன்றின் எழுச்சியும் சரிவும்தான் கதை. வாழையும் காடும் நின்ற மண்ணில் வெளியிலிருந்து வந்த ஒரு மரம் வேரூன்றியதும், மண்ணோடு சேர்ந்து மனுஷர்களும் மாறிப்போவதைச் சொல்கிறது. சின்ன நாவல், இரண்டு நாளில் முடிந்துவிட்டது. நிலத்தைப் பார்க்கும் கண் அசாத்தியமானது. ரப்பர்த் தோட்டத்துக்குள் பறவைச் சத்தம் குறைவு என்பதைத் தினமும் காதால் கேட்கிறவள் நான். ஆகவே அவர் சொல்லும் குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன்.

ஆனால் நான் தேடியது வேறு. மரத்தின் தடியில் படாமல் பட்டையை மட்டும் சீவுவதற்கு மணிக்கட்டு பழக ஒரு வருஷமாவது வேண்டும். கத்தி ஆழமாகப் போய்விட்டால் காயம் முண்டு முண்டாக வளர்ந்து, பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. காலை ஆறு மணிக்கு மழை ஒரு தூறல் தூறினால் போதும், வெட்டின மரத்துப் பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்து மண்ணில் போய்விடும், அன்றைய கூலியும் அதோடு போகும். பாலை உறையவைக்கும் ஆசிட் வாடை ராத்திரி சோற்றுக் கையிலும் இருக்கும். இதையெல்லாம் வாழ்கிற ஆள் நாவலின் நடுவில் இல்லை. இது தோட்டம் வைத்திருந்தவர்களின் கதை. இந்த மரத்தால் மண் கெட்டது என்பது உண்மை. இந்த மரத்தால்தான் என் இரண்டு பிள்ளைகளும் நர்சிங்கும் டிப்ளமோவும் படித்தார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு நாவல் வேண்டும் எனக்கு. பால்வெட்டுக்காரி ஒருத்தியின் மகளோ மகனோ அதை எழுதட்டும்.

தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை 1988இல் வந்தபோதே படித்திருக்க வேண்டியது, இப்போதுதான் கைக்கு வந்தது. ஆசிரியர் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரையே கைக்குள் வைத்திருக்கிறார். அவர் முன்னால் குனியாமல் நிற்பவன் சுறாப்பீலி, அதாவது சுறாவின் துடுப்பு, விற்கும் வியாபாரி மஹமூது ஒருவன்தான். ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை மதத்துக்கு விரோதமாகப் பார்க்கிறார்கள். மலையாளம் கலந்த அந்தப் பேச்சு வெளியூர்க்காரர்களுக்குச் சிரமமாக இருக்கலாம். எனக்கு அது மார்த்தாண்டம் சந்தையில் கேட்கிற பேச்சு, ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை. மஹமூது பேசும் இடங்களை மட்டும் மறுபடி ஒரு தடவை படித்தேன். சுறாப்பீலி விற்றுப் பிழைக்கிறவனுக்கு இருக்கிற நிமிர்வு சொத்துக்காரனுக்கு இல்லை என்பதைச் சத்தமே இல்லாமல் எழுதியிருக்கிறார்.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ எனக்குப் பாடாய்ப் போன புத்தகம். தபாலில் வரவழைத்தேன். கொண்டுவந்தவர் மழையில் கேட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார், முதல் முப்பது பக்கம் ஒட்டிக்கொண்டது. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூட்டில் ஷீட்டோடு சேர்த்து ஒரு நாள் காயவைத்துத்தான் பிரித்தேன். இன்னமும் அந்தப் புத்தகத்தில் ரப்பர்ப் புகை மணக்கிறது.

2004இல் வந்த பெரிய நாவல். ஆமந்துறை என்ற பரதவர் ஊரின் மூன்று தலைமுறைக் கதை. நடுக்கடலில் கோத்ரா, சூசை, சிலுவை என்ற மூன்று பேர் உடைந்த கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பிலிருந்து கதை பின்னால் போய்ப் போய் வருகிறது. ஆட்கள் மிக அதிகம். யார் யாருக்குப் பிள்ளை என்று நோட்டில் எழுதிவைத்தும் எனக்குக் குழம்பியது. ஊருக்குள் நடக்கிற சண்டையும் உறவும் சில இடங்களில் அடுக்கிக்கொண்டே போகின்றன, நூறு பக்கம் குறைந்திருந்தால் நல்லது. ஆனால் கடலுக்குள் போய்விட்டால் இந்த மனுஷர் எழுதுவது போல் எழுத ஆளில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து மரம் செலுத்துகிறவனின் உடம்பு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. நான் தேடுகிற ‘கை’ இந்தப் புத்தகத்தில் முழுதாக இருக்கிறது.

மலைப்பக்கத்துக்காரி நான். கடல் எனக்கு மீன் கொண்டுவரும் தூத்தூர்க்காரச் சேச்சி வழியாகத்தான் பழக்கம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று எங்கள் தோட்டத்தில் எழுபத்திரண்டு மரம் ஒடிந்தும் சரிந்தும் கிடந்தன. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதக்கணக்கில் அந்தச் சேச்சி வரவில்லை. பிறகு ஒரு நாள் வெறும் கூடையோடு வந்தார். அண்ணன் மகன் போன போட்டு திரும்பவே இல்லை என்றார். எனக்கு மரம் போன சங்கடத்தை அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. இந்த நாவலில் மூன்று பேரும் தண்ணீரில் கிடக்கிற அத்தியாயங்களைப் படிக்கும்போது, முகம்கூடப் பார்த்திராத அந்தப் பையன்தான் நினைவில் வந்துகொண்டே இருந்தான். இரண்டு முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

நாவல் அல்லாததாகப் படித்த ஒன்று நாஞ்சில் நாடனின் ‘நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை’. கையடக்கமான புத்தகம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நெல்வயல் வாழ்க்கை. மேட்டுப் பக்கத்தவளான எனக்கு அந்தச் சடங்குகளும் சாப்பாடும் பாதிக்கு மேல் புதிது. ஒரே மாவட்டத்துக்குள் இருபது மைலில் எவ்வளவு வேறுபாடு! மருமக்கள்வழியைப் பற்றி அவர் எழுதியதைப் படித்த கையோடு, தேரூர்க் கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ எடுத்துப் பார்த்தேன். காரணவர், அதாவது குடும்பத் தலைவர், ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதுபோல அமைந்த பாட்டு. ஆணின் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாமல் அக்காள் தங்கைகளின் மகன்களுக்குப் போன பழைய முறை அது. புருஷன் இறந்ததும் தாயும் பிள்ளைகளும் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது. கட்டுரையில் முறை விளங்குகிறது, பாட்டில் வலி விளங்குகிறது. அந்த வயல்களில் நாற்று நட்ட பெண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் படிக்கக் கிடைக்காதா என்றிருந்தது எனக்கு.

ஐந்தில் எதை முதலில் எடுக்கலாம் என்று யாராவது கேட்டால் ‘புத்தம் வீடு’ என்பேன். பெரிய புத்தகத்துக்குப் பயப்படாதவர்கள் ‘ஆழி சூழ் உலக’த்துக்குப் போகலாம், மழைக்காலத்தில் வேண்டாம். ‘புத்தம் வீட்டை’ நூலகத்தில் திருப்பிக் கொடுக்கிற தேதி போய் ஒரு வாரம் ஆகிறது. அம்மைக்குக் கடைசி இரண்டு அத்தியாயம் இன்னும் வாசிக்கப் பாக்கி இருக்கிறது. தங்கராஜ் என்ன ஆனான் என்று இன்றைக்குக் காலையிலும் கேட்டாள். பேச்சிப்பாறைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. நாளை வெட்டு இருக்காது போலத் தெரிகிறது.