எச்.கே. பி7எம்8-ஆ, சிக் பி6-ஆ?

எச்.கே. (ஹெக்லர் & கோச்), சிக் இரண்டும் துப்பாக்கி நிறுவனங்கள். இரண்டுமே 1970களில் மேற்கு ஜெர்மனி காவல்துறை நடத்திய துப்பாக்கித் தேர்வில் பிறந்த 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குடும்பங்கள். பி7எம்8, பி7-இன் அமெரிக்கச் சந்தைக்கான வடிவம். பி7எம்8, பி6 இரண்டிலும் 8 தோட்டா மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு). இரண்டும் இப்போது தயாரிப்பில் இல்லை. அமெரிக்காவில் உரிமத்தோடு இடுப்பில் வைக்க நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திணறுகிறார்கள்.

விலை: பி6, காவல்துறை கழித்துவிட்ட சரக்காக மலிவாக வந்தது. பி7எம்8 சேகரிப்பாளர் விலை. கேட்டாலே மூச்சு முட்டும்.

இயக்கம்: பி7-இல் பிடியின் முன்பகுதியை அழுத்தினால்தான் சுடத் தயாராகும், விட்டால் அடங்கிவிடும். அருமையான யோசனை, ஆனால் கை பழக வேண்டும். பி6-இல் விசையின் முதல் இழுப்பு கனம், மற்றபடி சாதாரணம்.

சூடு: பி7-இல் சுடும்போது வரும் சூடான வாயு புகும் உருளை, விசைக்கு மேலேயே இருக்கிறது. தொடர்ந்து சில மேகசின் சுட்டால் விரல் சுடும். எம்8-இல் வெப்பத் தடுப்பு இருந்தும் முழுசாகத் தீரவில்லை. பி6-இல் இந்தத் தொல்லையே கிடையாது.

உதிரிபாகம்: பி6-க்கு, அதே துப்பாக்கியின் பொதுச் சந்தைப் பெயரான பி225-இன் மேகசின் பொருந்தும். பி7-க்குத் தேடி அலைய வேண்டும்.

தினமும் வைத்துக்கொள்ள பி6 போதும். பணமும் பொறுமையும் இருந்து, அலமாரிக்கு ஒன்று வேண்டுமென்றால் சரி, பி7எம்8.